முத்தமும் ஏட்டுக்கட்டும்

 

'நட்பு' என்னும் பொருளில் ஏதேனும் பேசுங்கள் என்று செயலாளர் பணித்தார். பத்தாம் ஆண்டு விழா. நண்பர்கள் கூடிய நாள். நட்பின் பெருமையைப் பாடுவதே அவைமரபு. ஆயினும் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும், தாவீதையும் யோனத்தானையும் இதே மேடையில் என்னினும் வல்லவர்கள் பேசிக் கேட்டுவிட்டீர்கள். ஆகவே நான் அப்பொருளின் மறுபக்கத்தைத் தொட எண்ணுகிறேன். நட்பின் உடையை உடுத்து வரும் துரோகம் பற்றிச் சில சொற்கள்.

மங்கல நாளில் இது தகுமா என்று சிலர் நினைக்கக்கூடும். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இது புதிதன்று. எங்கள் வழிபாட்டில் திருவிருந்துக்கு மேலானது எதுவுமில்லை. அவ்விருந்து எந்த நாளில் ஏற்பட்டது என்பதை அப்பத்தைக் கையில் எடுக்கும் போதகர் முதலில் நினைவூட்டுவார். ஆண்டவர் பிறந்த நாள் என்றோ உயிர்த்த நாள் என்றோ அவர் தொடங்குவதில்லை. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு என்றே தொடங்குகிறார். ஈராயிரம் ஆண்டுகளாக எங்கள் விருந்து ஒரு நண்பனின் துரோகத்தை வாசலில் சொல்லிவிட்டே உள்ளே நுழைகிறது.

இந்த ஊரில் நின்று இப்பொருளைப் பேச உடனே எருசலேமுக்குப் போக வேண்டியதில்லை. கீழை இராசகோபுரம் கடந்து உள்ளே சென்றால் வல்லாள கோபுரம்; அதனையும் கடந்தால் கிளி கோபுரம். இரண்டுக்கும் பின்னால் இரண்டு துரோகக் கதைகள் இருக்கின்றன.

கிளி கோபுரத்தின் கதையை நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டும். நான் உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். பிரபுடதேவராயனின் கண்ணொளி மீளப் பாரிசாத மலர் வேண்டும் என்று அக்கறையோடு மொழிந்தவன் சம்பந்தாண்டான். அம்மலரைக் கொணர அருணகிரியார் கிளியுடலில் புகுந்து பறந்தபோது, அவர் விட்டுச் சென்ற உடலை எரிக்கச் செய்தவனும் அவனே. இது செவிவழி வந்த கதை. வரலாறு என்று எவரும் வற்புறுத்துவதில்லை. எனினும் ஒன்றைக் கவனியுங்கள். சூழ்ச்சி தொடங்கியது மன்னன் கண்ணைப் பற்றிய கவலையில். கவலையின் குரலில் அது பேசியிராவிட்டால் யாரும் செவி கொடுத்திருக்க மாட்டார்கள்.

வல்லாள கோபுரத்தின் கதை வரலாறு. போசள மரபின் மூன்றாம் வீரவல்லாளன் தன் ஆட்சியின் பிற்பகுதியில் நம் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தான். 1342ஆம் ஆண்டளவில் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். உள்ளே உணவு முடியும் நிலை வந்தபோது, தங்கள் சுல்தானைக் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும் என்று கோட்டைக்குள் இருந்தோர் வேண்டினர். முதிய மன்னன் இசைந்தான். அந்த அவகாசத்திற்குள் மதுரையிலிருந்து சுல்தான் கியாசுதீன் படையோடு வந்து, எதிர்பாராத வேளையில் பாசறையைத் தாக்கினான். வல்லாளன் சிறைப்பட்டான்.

போரில் தாக்குவது போர்த்தந்திரம் என்று அதனை விட்டுவிடலாம். அதன் பின் நடந்ததே நம் பொருள். சிறைப்பட்டவனைச் சுல்தான் மதிப்போடு நடத்தினான், விடுவிப்பதாக வாக்களித்தான், அந்த இன்முகத்தைக் காட்டிக் காட்டியே அவனுடைய செல்வம், யானை, குதிரை அனைத்தையும் வாங்கிக்கொண்டான். கொடுக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் கொன்று, தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். வல்லாளனுக்கு அப்போது வயது எண்பது என்று அறிகிறோம்.

இதனை எழுதி வைத்தவர் யார்? போசளர் அவைப் புலவர் அல்லர். சுல்தானின் பகைவரும் அல்லர். மொராக்கோ நாட்டிலிருந்து வந்த இபின் பதூதா. கியாசுதீனுக்கு அவர் உறவினர். இருவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள். அதே சமயத்தைச் சார்ந்தவர். அவன் உப்பைத் தின்ற விருந்தினர். அவரே அந்தத் தோலை மதிலில் தம் கண்ணால் கண்டதாக எழுதுகிறார். இன்னோரிடத்தில், பெண்டிரையும் பிள்ளைகளையும் அவன் கொல்வித்த கொடுமையை அருவருப்போடு கண்டிக்கிறார். இதை ஒரு மதத்தின் குற்றமாக எடுத்துப் பேசுவோர்க்கு அந்த உறவினரின் சாட்சியமே மறுமொழி. அவரும் அந்த வீட்டு விருந்தினர்தான்; ஆனால் கண்டதை மறைக்கவில்லை.

இனி, இந்த ஊர் அந்தத் துரோகத்தை என்ன செய்தது என்று பாருங்கள். எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்தில் வல்லாள மகாராசனுக்கு ஒரு சருக்கமே ஒதுக்கினார். பிள்ளையில்லாத அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகன் ஆனார் என்பது ஊரின் நம்பிக்கை. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் தந்தைக்குச் செய்யும் கடனை அவனுக்குச் செய்கிறார். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டாகியும் துக்கம் முடியவில்லை. கொன்றவன் பெயரை அந்த ஆற்றங்கரைக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார். நான் முதன்முதல் அவ்விழாவைக் காணச் சென்றபோது, வேற்றுச் சமயத்தான் என்ற கூச்சத்தோடு ஓர் ஓரமாகத்தான் நின்றேன். வஞ்சிக்கப்பட்டவனை அனாதையாக விடமாட்டேன் என்று ஒரு தெய்வம் புறப்பட்டு வருகிறது என்பதைக் கண்டபோது அந்தக் கூச்சம் போய்விட்டது.

இங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர். பெரியபுராணம் கூறும் மெய்ப்பொருள் நாயனாரின் ஊர். நம் பொருளுக்கு அவர் வரலாற்றைப் போல் நேரான சான்று தமிழில் வேறில்லை. களத்தில் பலமுறை தோற்ற முத்தநாதன், வாளால் வெல்ல முடியாதவனை வேடத்தால் வெல்லத் துணிகிறான். மேனியெங்கும் நீறு, முடியைச் சடையாகக் கட்டியிருக்கிறான், கையில் ஓர் ஏட்டுக்கட்டு. அக்கட்டினுள் கத்தி. உள்ளே கருமையைப் பொதிந்து வைத்து எரியும் விளக்கைச் சேக்கிழார் அவனுக்கு உவமை கூறுகிறார். வாயில்தோறும் காவலர் வணங்கி வழிவிட, உள்வாயிலில் தத்தன் ஒருவன்தான் மன்னர் உறங்குகிறார் என்று தயங்குகிறான். அவனுக்கும் மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது: மன்னனுக்கு ஓதவேண்டிய உறுதிப்பொருள் கொண்டு வந்திருக்கிறேன்! எங்கும் காணக் கிடைக்காத ஆகமம் என்கிறான். தனியே கேட்க வேண்டும் என்று அரசியை அகற்றுகிறான். உயர்ந்த இருக்கையை அவனுக்கு ஈந்து, மன்னர் தரையில் அமர்ந்து தலைவணங்குகிறார். அவன் கட்டை அவிழ்க்கிறான்.

பாய்ந்து வந்த தத்தனின் வாளை வீழ்கின்ற மன்னரின் கை தடுக்கிறது. இவர் நம்மவர் என்கிறார். ஊரார் சினம் தீண்டாமல் எல்லை கடத்தி விட்டு வருமாறு பணிக்கிறார். தத்தன் அவ்வாறே செய்து திரும்பி வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

மாணவனாக இருந்தபோது இப்பகுதி எனக்கு எரிச்சலூட்டியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். இது பேதைமை அல்லவா, கொலைகாரனுக்குக் காவலா என்று என் தமிழாசிரியரிடமே வாதிட்டேன். அவர் சிரித்துவிட்டு, உங்கள் கெத்செமனே தோட்டத்தை ஒருமுறை படித்துவிட்டு வா என்றார். சிவபூசை செய்யாமல் உணவு கொள்ளாத பெரியவர் அவர்.

படித்தேன். 'வேடம்' என்னும் ஒரு சொல் முதலில் என்னைத் தடுத்து நிறுத்தியது. சேக்கிழாருக்கு வேடம் வணக்கத்திற்குரியது. அன்பர் வேடத்தையே மெய்ப்பொருள் என்று கொண்டதால்தான் அந்த மன்னர்க்கு அப்பெயர். எங்கள் வேதத்திலோ நிலைமை நேர்மாறு. இயேசுபெருமான் மிகக் கடுமையாகச் சாடியது கொலைஞரையோ கள்வரையோ அன்று. சமய வேடம் பூண்டவர்களை. அதற்குக் கிரேக்கத்தில் அமைந்த சொல் நாடக மேடை நடிகனைக் குறிப்பது. பழைய தமிழ் வேதாகமம் அதனை 'மாயக்காரர்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்கிறது. ஓரிடத்தில் வணங்கப்படும் வேடம் மற்றோரிடத்தில் வசையாகிறது. இந்த முரணை எப்படித் தீர்ப்பது என்று நெடுநாள் தெரியவில்லை.

அத்தோட்டத்து முத்தம்தான் வழி காட்டிற்று. முத்தமிடுவது ஓர் அடையாளம் என்று யூதாஸ் முன்னரே பேசி வைத்திருந்தான். மத்தேயு எழுதிய கிரேக்கத்தில், அந்த ஏற்பாட்டைச் சொல்லும் இடத்தில் முத்தத்திற்குச் சாதாரணச் சொல் வருகிறது. அவன் அதனை நிறைவேற்றும் இடத்திலோ அதினும் அழுத்தமான சொல். ஆரத்தழுவி அன்பு பொங்க முத்தமிடுவதைக் குறிப்பது. காணாமற்போன மகன் வீடு திரும்பியபோது ஓடிச்சென்ற தந்தை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டானே, லூக்கா அங்கே ஆளுவதும் அதே சொல். தந்தையின் முத்தத்திற்கும் யூதாசின் முத்தத்திற்கும் மொழியால் வேற்றுமை காட்ட முடியவில்லை. அடையாளத்திற்குத் தொட்டாற்போல் ஒரு முத்தம் போதும். தேவைக்கு மிகுந்த அன்பை ஏன் காட்டினான்? துரோகம் எப்போதும் தேவைக்கு மிகுந்த அன்பையே காட்டும் என்று என் அனுபவம் கூறுகிறது. தாவீதின் படைத்தலைவன் யோவாபும் அப்படித்தான். சகோதரனே சுகமா என்று கேட்டு, முத்தமிட அமாசாவின் தாடியை வலக்கையால் பற்றினான். வாள் வேறொரு கையில் இருந்தது.

அந்த முத்தத்திற்கு இயேசு தந்த மறுமொழியில் ஒரு விளி இருக்கிறது. 'சிநேகிதனே' என்பது அது. இதனை இகழ்ச்சிக் குறிப்பு என்று கொள்வோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அன்றிரவு சற்று முன்னர்தான் பன்னிருவரின் காலையும் அவர் கழுவினார் என்று யோவான் எழுதுகிறார். யூதாஸ் எழுந்து போனது அதற்குப் பின்னர். அவன் குதிகாலையும் கழுவித் துடைத்திருக்கிறார், அது எங்கே நடக்கப் போகிறது என்று அறிந்தே. அப்பத்துண்டைத் தோய்த்து அவனுக்கே ஊட்டுவது போல் கொடுத்தார். நாயனாருக்குக் கட்டு அவிழும்வரை உண்மை தெரியாது. இவருக்கு முன்னமே தெரியும். இந்த வேற்றுமையைத் தள்ளிவிட்டு இருவரையும் ஒன்றாக்க நான் விரும்பவில்லை. ஆனால் கத்தி வெளிப்பட்ட பிறகு இருவரும் செய்தது ஒன்று. எதிரிலிருப்பவன் போட்ட வேடம் பொய். அந்த வேடத்திற்கு இவர்கள் காட்டிய அன்பு பொய்யன்று. அவன் பொய்த்தான் என்பதற்காகத் தங்கள் மெய்யை இவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. நான் முரண் என்று மயங்கிய இரு வேடங்களும் அந்த இடத்தில் சந்திக்கின்றன. வேடம் இடுபவனைக் கண்டிப்பது எங்கள் நூல். வேடத்தை நம்பியவனைப் போற்றுவது உங்கள் நூல். குற்றவாளியை நோக்கி ஒன்றும், குற்றத்திற்கு ஆளானவனை நோக்கி மற்றொன்றும் பேசுகின்றன.

வள்ளுவர் இதற்கு இசைய மாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தீ நட்பு என்று ஓர் அதிகாரமும் கூடா நட்பு என்று ஓர் அதிகாரமும் வகுத்தவர் அவர். தொழுத கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்றும், பகைவர் விடும் கண்ணீரும் அத்தகையதே என்றும் எச்சரிக்கிறார். பகைவர் நட்பாகும் காலம் வந்தால் முகத்தளவில் நட்பைக் காட்டி அகத்தில் அதனை விட்டுவிடு என்று வழியும் கூறுகிறார். நம் தத்தன் கொஞ்சம் குறள் கற்றிருந்தால் அந்தக் கட்டை வாயிலிலேயே சோதித்திருப்பான்! பொருட்பாலில், நாட்டைக் காக்கும் பொறுப்புடையவனுக்குச் சொன்ன அறிவுரை அது. பிழையென்று நான் சொல்லத் துணியேன். பிறர் உயிருக்குப் பொறுப்பானவன் ஏமாறுவதற்கு உரிமையில்லாதவன். ஆனால் அதே முகநட்பை அலுவலகத்திலும் அடுத்த வீட்டிலும் நாள்தோறும் பழகி, அதற்கு நாகரிகம் என்று பெயரும் வைத்துவிட்டோமே, அதற்கு வள்ளுவரைச் சான்று கூப்பிட முடியாது.

யூதாஸ் என்பது எங்கள் வீடுகளில் பெரிய வசை. பிள்ளைக்கு எந்தத் தாயும் இடாத பெயர். அந்த வசையை நாம் எப்போதும் அடுத்தவருக்கே வைத்திருக்கிறோம். பந்தியில் நடந்தது வேறு. உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்றபோது, யூதாசைச் சுட்டிய விரல் ஒன்றுமில்லை. நானோ, நானோ என்று ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியே கேட்டனர். அவன் எழுந்து வெளியே போனபோதுகூட, பணப்பை அவனிடம் இருந்ததால் பண்டிகைக்கு ஏதோ வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்கு ஏதேனும் கொடுக்கப் போகிறான் என்றே நினைத்தார்கள். காட்டிக்கொடுக்கப் போகிறவனின் நடை தருமம் செய்யப் போகிறவனின் நடைபோல் இருந்திருக்கிறது. மூன்றாண்டு உடனிருந்தவர்களுக்கே வேற்றுமை தெரியவில்லை.

அவனைவிடத் தேர்ந்த வேடக்காரர்கள் அந்தக் கதையில் இருக்கிறார்கள். மனம் கசந்து முப்பது வெள்ளிக்காசையும் அவன் திருப்பிக் கொண்டுவந்தபோது, அது உன் பாடு என்று கைகழுவியவர்கள் ஆலயத் தலைவர்கள். அக்காசு இரத்தத்தின் விலை. காணிக்கைப் பெட்டியில் இடுவது முறையன்று என்று சட்டம் பார்த்தார்கள். கொடுத்தபோது பார்க்காத முறை! பிறகு அதைக் கொண்டு குயவன் நிலத்தை வாங்கி, அந்நியரைப் புதைக்கும் இடமாக அறம் செய்தார்கள். மாடு முட்டி இறந்த அடிமைக்கு ஈடாக மோசேயின் சட்டம் விதித்த தொகையும் முப்பது வெள்ளிதான். யூதாசுக்காவது தூக்கம் போயிற்று. அவர்களுக்குப் போனதாக எழுதப்படவில்லை.

இனி நானோ என்ற கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு பேசிவிட்டு அதனைத் தவிர்த்துப் போனால் நானும் ஏட்டுக்கட்டோடு வந்தவன் ஆவேன்.

நான் ஆசிரியப் பணியைத் தொடங்கியது வேறொரு மாவட்டத்தில். கணிதம் கற்பித்த ஒருவர் எனக்கு உற்ற நண்பர். பதினோர் ஆண்டுகள் ஒரே மேசையில் உண்டோம். என் டப்பாவில் கருவாடு இருக்கும் நாளில் மட்டும் அவர் சற்றுத் தள்ளி உட்கார்வார். ஓராண்டு தேர்வுக் கட்டணத்தில் நானூறு ரூபாய் குறைந்தது. பழி அவர்மேல் விழுந்தது. அவர் அத்தொகையை எண்ணி அலுவலக மேசைமேல் வைத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். விசாரணையில் என்னைக் கேட்டார்கள். மேசை யாருடையதோ அவர் செல்வாக்குள்ளவர். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அவர் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. நான் கவனிக்கவில்லை ஐயா என்றேன். பொய்யில்கூட மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். தோளில் கை வைத்தேன். உண்மை ஒருநாள் வெளிவரும் என்று சொன்னேன். ஞாயிறு ஆராதனையில் உங்களுக்காக மன்றாடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து தந்தார், குடித்தேன். தொகையைக் கட்டிவிட்டு, ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டு, அவர் தொலைவான ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்கு அவரிடமிருந்து வாழ்த்துக் கடிதமும் வந்தது.

பேதுரு மூன்று முறை மறுதலித்துவிட்டுச் சேவல் கூவியவுடன் அழுதான். எனக்குச் சேவல் கூவப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. ஓய்வு பெற்றபின் அவர் இருக்கும் ஊரைத் தேடிச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தார், பார்வை மங்கியிருந்தது, குரலைக் கொண்டே அறிந்துகொண்டார். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க அவர் விடவில்லை.

"அன்னைக்கே தெரியும் சார். விசாரணை முடிஞ்சதும் கிளார்க் வந்து சொல்லிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம்தான் நீங்க வந்தீங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. தெரிந்துமா காப்பி கொடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்தவருக்கு வேற என்ன சார் கொடுக்கிறது?" என்றவர், உள்பக்கம் திரும்பி, "யார் வந்திருக்காங்க பாரு" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மையார் அன்றும் இரண்டு தம்ளர்களோடு வந்தார். இம்முறை அதனை வாங்கக் கை நீட்டுவதற்குள் என் கை நடுங்கிவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.